தாங்குகிறவர்களைத் தாங்குவோம்

வாசிக்க: யாத்திராகமம் 20:12, மாற்கு 7:9-13, யோவான் 19:25-27, 1 தீமோத்தேயு 5:3-16



ஒலக்கூருக்கு அடுத்துள்ள திண்டிவனத்திற்கு மிஷன் ஆஸ்பத்திரிகளின் சரித்திரத்தில் நீங்காத இடம் உண்டு. 1890-ல் அமெரிக்காவில் படிப்பை முடித்துத் திரும்பிய ஐடா ஸ்கடர் இங்கே மிஷன் பங்களாவில் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவிமாரை ஆண் டாக்டர் பார்க்க அவர்கள் சம்மதிக்கவில்லை. ஐடாவோ மருத்துவம் படித்தவரல்ல. மூன்று பெண்களும் மரித்தார்கள். அந்த இரவின் அழைப்பே வேலூர் ஊழியமாயிற்று.

இந்தச் சம்பவத்தை நம்மில் அநேகர் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருக்கிறோம். ஆனால் ஐடா திண்டிவனத்திற்கு ஏன் வந்தார் என்பதை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். சுகவீனமாயிருந்த தாயாரைக் கவனிக்கவே அவர் வந்தார். 1899-ல் டாக்டர் பட்டம் பெற்று அவர் மறுபடி இந்தியா வந்த சிறிது காலத்தில், 1900-ல் தகப்பனார் காலமானார். தாயார் சோபியாவோ மகளோடு இருந்து, ஊழியத்திற்குத் துணைநின்று, 1925-ல் 86-ஆம் வயதில் மரித்தார். பெற்றோரைப் பராமரிப்பது ஊழியத்திற்கு இடைஞ்சல் என்று எண்ணுகிறவர்கள் இதைச் சிந்திக்கட்டும்.

1. காணிக்கையும் கடமையும்

மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கண்டித்த வழக்கம் ஒன்று உண்டு. பெற்றோருக்குச் சேரவேண்டிய உதவியை "கொர்பான்", அதாவது தேவனுக்குரிய காணிக்கை என்று சொல்லிவிட்டால், பிள்ளைகளின் கடமை தீர்ந்தது என்று அந்நாளில் போதித்தார்கள். பக்தியின் பேரால் தாய் தகப்பன் கைவிடப்பட்டார்கள்.

காணிக்கைகளால் நடைபெறும் ஊழியத்தைச் சேர்ந்த நாங்கள் இதை மறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். உங்கள் தாயாரின் மாத்திரைக்கு வேண்டிய பணத்தை எங்களுக்கு அனுப்பவேண்டாம். முதலில் அவருக்குக் கொடுங்கள். பவுலும் தீமோத்தேயுவுக்கு இந்த வரிசையையே கற்பிக்கிறார்: பிள்ளைகளும் பேரன்மாரும் முதலில் தங்கள் வீட்டாரை விசாரிக்க வேண்டும்; அப்பொழுது ஒருவருமில்லாத விதவைகளைச் சபை தாங்க முடியும்.

சிலுவையில் வேதனைப்பட்ட வேளையிலும் நம் ஆண்டவர் தம் தாயாருக்கு ஒரு வீட்டை ஏற்படுத்தினார். அன்று முதல் யோவான் மரியாளைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டான். பரிதாப வார்த்தையோடு நிற்காமல், யார் கவனிப்பது என்பதையும் ஆண்டவர் தீர்மானித்தார்.

2. பாரம் யார் மேல்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். இது அகில இந்திய விகிதத்தைவிட அதிகம். பிள்ளைகள் சென்னைப் பக்கம் வேலைக்குப் போக, முதியோர் ஊரிலே தங்குகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் பணிவிடை ஒரே ஒருவர் மேல் விழுகிறது. மருமகள், மகள், அல்லது தாமே முதுமையடைந்த மனைவி. மற்றவர்கள் போனில் விசாரிப்பார்கள், ஆலோசனையும் சொல்வார்கள். இரவில் எழுந்து துணி மாற்றுகிறவர் அந்த ஒருவரே.

அவருடைய தூக்கம் கெடுகிறது. தன் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்க அவருக்கு நேரமில்லை. கோபம் வருகிறது; பிறகு குற்ற உணர்வில் அழுகிறார். இதை அன்புக் குறைவு என்று தீர்ப்புச் சொல்லாதிருப்போமாக. இது சோர்வு. எலியாவும் சோர்ந்து சாவைக் கேட்டபோது, தேவன் அவனுக்கு முதலில் கொடுத்தது தூக்கமும் ஆகாரமும்தான்.

கோவாவில் மறதி நோயுள்ள முதியோரின் குடும்பங்களுக்குள் ஒரு ஆய்வு நடந்தது. 2008-ல் அதன் முடிவு வெளியானது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர்கள் வீடு தேடிச் சென்று, நோயைப் பற்றி எளிமையாக விளக்கி, கவனிப்பவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, வழி காட்டினார்கள். ஆறு மாதத்தில் கவனிப்பவர்களின் மனநலம் தேறியது. விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. ஒரு கிராமச் சபையும் இதைப் போலச் செய்யலாம்.

3. வீட்டில் கவனிக்க வேண்டியவை

படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவையுங்கள். இடுப்பு, முதுகின் கீழ்ப்பகுதி, குதிகால் ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். தோல் சிவந்து, அழுத்தினாலும் சிவப்பு மறையாவிட்டால், அது படுக்கைப் புண்ணின் ஆரம்பம்.

சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி உட்காரவையுங்கள். படுத்த நிலையில் கொடுத்தால் புரையேறும். இரவில் சிறு விளக்கு எரியட்டும். குளியலறைத் தரை ஈரமில்லாமல் இருக்கட்டும். முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் மறுபடி நடப்பதில்லை.

நன்றாயிருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப் பேசினால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். கிருமித் தொற்று, சர்க்கரை குறைவு, நீர் வற்றுதல் இவை காரணமாயிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். மெல்ல மெல்ல வரும் மறதி வேறு. அவர்கள் ஒரே கேள்வியைப் பத்துமுறை கேட்டாலும் வாதாடாமல் சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள்.

4. சபை செய்யக்கூடியது

வாரத்தில் ஒரு மாலை, இரண்டு பேர் போய் முதியவரோடு உட்காருங்கள். கவனிப்பவர் கோவிலுக்கோ, டாக்டரிடமோ, வெறுமனே தூங்கவோ போகட்டும். தூரத்திலுள்ள பிள்ளைகள் பணம் மட்டும் அனுப்பாமல், வருஷத்தில் சில வாரங்கள் வந்து முறை மாற்றட்டும்.

அரசு உதவிகளையும் எடுத்துச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளையும், இயன்முறை சிகிச்சையையும், படுக்கையிலிருப்போருக்கான பராமரிப்பையும் வீட்டுக்கே கொண்டுவர ஏற்பட்டது. முதியோருக்கான இலவச உதவி எண் 14567. கைவிடப்பட்ட பெற்றோர், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வருவாய்க் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட அச்சட்டத்தில் இடமுண்டு. ஆனால் விசுவாசக் குடும்பங்களின் பெற்றோர் அந்தப் படியேறும் நிலை வராதிருக்கட்டும்.

சிந்திக்க: நம் சபையில் இன்று ஒரு முதியவரைத் தனியாகத் தாங்கிக்கொண்டிருப்பவர் யார்? அவர் கடைசியாக ஒரு இரவு முழுவதும் தூங்கியது எப்போது?

ஜெபிக்க: படுக்கையிலுள்ள முதியோருக்காகவும், அவர்களுக்குப் பணிவிடை செய்கிற சகோதரிகளின் பெலனுக்காகவும், பெற்றோரைப் பிரிந்து தூரத்தில் வேலை செய்யும் பிள்ளைகளின் இருதயம் திரும்புவதற்காகவும் எங்களோடு சேர்ந்து ஜெபியுங்கள். ஜெபித்து எழுந்தபின், அந்த வீட்டுக் கதவைப் போய்த் தட்டுங்கள்.