வன்கொடுமைப் புகாரா? ரசீதோடு திரும்பாதீர்கள்

சாதியைச் சொல்லி அடித்தார்கள், திட்டினார்கள் என்று புகார் கொடுத்தால் சில நிலையங்களில் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடுவார்கள். அது மனுவுக்கான ரசீது மட்டுமே, வழக்கு அல்ல. 'விசாரித்துவிட்டுப் பார்க்கிறோம்' என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவைச் சொல்லுங்கள். 2018-இல் வந்த இந்தப் பிரிவின்படி எஃப்.ஐ.ஆர். போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை. அப்படியும் மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

புகார் எழுதும்போது கூச்சம் வேண்டாம். 'தகாத வார்த்தையால் திட்டினார்' என்று மழுப்பினால் வழக்கு அங்கேயே நொண்டிவிடும். சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். எந்த இடம், யார் யார் பார்த்தார்கள், எதிரி என்ன சாதி என்பதும் இருக்கட்டும்.

நிவாரணத்துக்குத் தீர்ப்புவரை காத்திருக்க வேண்டியதில்லை. 2016 மத்திய விதிகளின்படி குற்றத்துக்கேற்ப 85,000 முதல் 8,25,000 ரூபாய்வரை. பெரும்பாலான குற்றங்களுக்கு முதல் தவணை எஃப்.ஐ.ஆர். கட்டத்திலேயே வர வேண்டும். வரவில்லையா? கலெக்டரிடம் மனு கொடுங்கள். சாட்சி சொல்லப் போகும் பயணச் செலவும் அரசுடையதே. பலர் கேட்பதே இல்லை.

எதிரி ஜாமீன் கேட்டால் உங்களுக்குத் தகவல் தர வேண்டும்; உங்கள் பேச்சையும் நீதிமன்றம் கேட்க வேண்டும். இது 15ஏ பிரிவு தரும் உரிமை.

இலவச உதவி எண் 14566. 24 மணி நேரமும் அழைக்கலாம்.