ஆறு கால் ரோபோ

மேடு பள்ளம் பாராமல் கரப்பான்பூச்சி ஓடுகிறது. அதன் மூளையோ மிகச் சிறியது. அந்நாளைய ரோபோக்கள் பல, சுற்றுப்புறத்தை வரைபடமாகக் கணித்த பின்னரே ஓரடி நகர்ந்தன. பூச்சியிடம் வரைபடமா இருக்கிறது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பேராசிரியர் ரோட்னி புரூக்சின் ஆய்வுக்கூடத்தில் பயின்ற மாணவர் காலின் ஏங்கல். இளங்கலைப் பட்ட ஆய்வுக்காக 1989ஆம் ஆண்டு அவர் வடிவமைத்ததே ‘செங்கிஸ்’. ஆறு கால்கள், காலுக்கு இரண்டாக 12 மோட்டார்கள். எளிய சிறு நிரல்கள் பல சேர்ந்து அதை நடக்கவைத்தன. கால் எதிலாவது இடித்தால், அடுத்த எட்டில் அக்கால் இன்னும் உயர எழும்பும். வரைபடம் தேவைப்படவில்லை.

1990இல் புரூக்ஸ், ஹெலன் கிரைனர் இருவருடன் ஏங்கல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் 2002இல் வெளியிட்ட ‘ரூம்பா’வும் வீட்டின் வரைபடம் அறியாது, முட்டித் திரும்பியே தரையைச் சுத்தம் செய்தது.