உண்ணாத உண்ணி

நோய்க்கிருமிக்கும் நோய் வரும் என்றால் மாணவர்கள் வியப்பர். பாக்டீரியாவைப் பற்றி அழிக்கும் வைரசுகள் உள. 1915-இல் இங்கிலாந்தின் பிரெடரிக் டுவார்ட் இவற்றின் செயலைக் கண்டு எழுதினார். 1917-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் பெலிக்ஸ் தெரேல் இவற்றுக்குப் ‘பாக்டீரியோபேஜ்’ எனப் பெயரிட்டார். ‘பேஜ்’ என்பது உண்ணுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடி. எனவே ‘பாக்டீரிய உண்ணி’ எனத் தமிழாக்கலாம்.

ஆயினும் பெயர் முழுதும் பொருந்தாது. இவ்வுண்ணி எதையும் உண்பதில்லை. பாக்டீரியாவின் மேற்பரப்பில் தனக்கு இயைந்த இடத்தைப் பற்றிக்கொண்டு, தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்துகிறது. அதன்பின் அந்தப் பாக்டீரியாவே புதிய உண்ணிகளை ஆக்கும் பட்டறையாகிறது; இறுதியில் அதன் சுவர் உடைய, அவை வெளிப்படுகின்றன. குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்கும் என்பார்கள் நம் முன்னோர். குளவிக்குப் பொருந்தாத அக்கூற்று, உண்ணிக்கு ஏறத்தாழப் பொருந்துகிறது!

1919-இல் பாரிஸ் நகரில் சீதபேதியுற்ற சிறுவர்க்கு இதனை அளிக்குமுன், தெரேல் தாமே அருந்திப் பார்த்தார். அவருடன் பழகிய ஜியார்ஜிய அறிஞர் கியோர்கி எலியாவா 1923-இல் திபிலிசி நகரில் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1937-இல் ஸ்டாலின் ஆட்சி அவரைக் கொன்றது. நிறுவனமோ நிலைத்தது, இன்றும் அவர் பெயரால் அங்கு இம்மருத்துவம் நடைபெறுகிறது.

மேலைநாடுகள் இதனைக் கைவிட்டமைக்குப் பெனிசிலின் ஒரு பெருங்காரணம். அது பலவகைக் கிருமிகளை வீழ்த்தும். உண்ணியோ ஒரு பாக்டீரிய இனத்துள்ளும் பெரும்பாலும் சில கிளைகளை மட்டுமே தாக்கும். குடலின் நன்மைதரும் பாக்டீரியாக்கள் பிழைப்பது இதனால்தான். நோயாளிதோறும் அவர்தம் கிருமிக்குரிய உண்ணியைத் தேட வேண்டியிருப்பதும் இதனால்தான்.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12.7 இலட்சம் பேர் இறந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. பழைய மருத்துவம் மீண்டும் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. எகிப்துப் பயணத்தில் நோயுற்ற அமெரிக்கப் பேராசிரியர் டாம் பேட்டர்சன், அசினடோபாக்டர் என்னும் கிருமியால் நினைவிழந்து கிடந்தார். 2016 மார்ச்சில் உண்ணிக் கலவைகளை உடலில் செலுத்தினர். சில நாள்களில் கண் விழித்தார். வேறு மருந்துகளும் உடன் தரப்பட்டன என்பதை மறத்தல் கூடாது. சிகிச்சையின் நடுவே கிருமி அவ்வுண்ணிகளுக்கும் அடங்காததாக மாறவே, கழிவுநீரிலிருந்து புதிய உண்ணி ஒன்றைப் பிரித்தெடுத்துச் சேர்க்க நேர்ந்தது.

இவ்வாறு ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும் மருந்துக்கு அரசு எங்ஙனம் ஒப்புதல் அளிப்பது? மருத்துவர் எழுதித் தரும் சீட்டின்படி, அந்நோயாளிக்கெனவே மருந்தாளுநர் கலந்து தரும் முறையைப் பெல்ஜியம் 2018-இல் ஏற்றுக்கொண்டது.