கண்மாய்ப் பாடம்

புறநானூற்றின் பதினெட்டாம் பாட்டைப் பயின்ற நாளில் எம் வகுப்பில் ஒரு வினா எழுந்தது. குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கி, நிலம் பள்ளமாய்க் கிடக்குமிடத்து நீரைத் தேக்குக என அறிவுறுத்துகின்றார். நீரையும் நிலத்தையும் ஒன்றுசேர்த்தவரே உடம்பையும் உயிரையும் படைத்தவராவர் என்பது அப்புலவர் கருத்து. எம்முட் பலர் இராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் சார்ந்தவர். அப்பாண்டி நாட்டிலேயே பிறந்த யாம், எம் ஊர் நீர் எங்கிருந்து வந்து எங்குத் தேங்குகின்றது என ஆசிரியர் வினவியபோது வாயடைத்து நின்றோம். நீர்ச்சுழற்சியைப் படம் வரைந்து விளக்கி முழு மதிப்பெண் பெற்றவரும் அக்கூட்டத்தில் இருந்தனர்! பள்ளி கல்லூரிகளிற் சுற்றுச்சூழற் கல்வி கட்டாயமாதல் வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டிலேயே பணித்தது. யாமும் அதனைப் பயின்றே வந்தோம்.

இவ்விரு ஊர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ளன. தென்மேற்குப் பருவக்காற்றை மலை மறைத்து நிற்றலின், ஐப்பசி கார்த்திகை மழையே இவண் உழவர்க்குப் பெருந்துணை. சரிவில் விழுந்த நீர் தடையின்றி ஓடுமாயின், வைப்பாற்றின் வழியே மன்னார் வளைகுடாவிற் கலந்தொழியும். நன்மண்ணையும் உடன் வாரிச் செல்லும். அதனை முதலில் தடுப்பது காடு. இலைகள் துளியின் விசையைத் தணிக்கின்றன. சருகும் வேரும் நீரை உறிஞ்சி மெல்ல விடுகின்றன. 1988-இல் சாம்பல் நிற அணிலின் சரணாலயமாகவும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் ஆக்கப்பெற்ற அக்காட்டை விலங்குகட்கே உரியதென எண்ணுதல் பேதைமை. இராஜபாளையத்தார் பருகும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்து நீர் அம்மலை தந்ததன்றோ?

காடு விட்ட நீரைக் கண்மாய் ஏற்கின்றது. வரத்துக்கால் நீரைக் கொணரும், கரை தேக்கும், மடை வயலுக்கு விடும், மிகுந்த நீர் மறுகால் வழியே அடுத்த கண்மாய்க்கு இறங்கும். இங்ஙனம் கண்மாய்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து கிடத்தலின், ஓரூரார் கால்வாயைத் தூர்த்தால் கீழூரார் நிலம் தரிசாகும். நீரோடு வந்த வண்டலும் வீண்போவதன்று. கோடையில் உழவர் அக்கரம்பையை வெட்டி வயலில் இடுவர். இழந்த மண் உரமாய் மீளும். அதனைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அரசு 2017-இல் இசைவளித்தது நன்று.

இவற்றை நேரிற் காண, செண்பகத்தோப்புக்குச் செல்லும் வழியிலுள்ள ஒரு கண்மாய்க்கு ஒரு விடுமுறை நாளிற் சென்றோம். நெடுங்காலம் நீர்ப்பாய்ச்சியாய் இருந்த முதியவர் ஒருவர் கரைமேல் இருந்தார்.

“போன ஐப்பசியிலே ரெண்டு நாள் நல்ல மழை, தம்பி. மேலக் கண்மாய் மறுகால் போச்சு. இங்கே ஒரு சொட்டு வரலே,” என்றார்.

“ஏன் தாத்தா?” என்றோம்.

“நடந்து பாருங்க,” என்றார்.

நடந்தோம். வரத்துக்கால் சீமைக்கருவேலால் அடைபட்டு, ஓரிடத்திற் கட்டட இடிபாடுகளால் மேடாகியே இருந்தது. அரிவாளும் மண்வெட்டியும் கொண்டு பதினால்வர் மாலைவரை உழைத்தும் முப்பது அடி தூரமே திருத்த முடிந்தது. வேரோடு அகழாத கருவேல் மீண்டும் தழைக்கும் என்று அம்முதியவர் கூறவே, எம் பெருமிதம் அடங்கிற்று. அவர் மகன் நூல் ஆலைக்குச் செல்கின்றான். மடை திறக்கும் முறையை அவரிடம் கற்பார் எவருமிலர்.

முன்னாளில் இப்பணி குடிமராமத்து எனப் பெயர் பெற்றிருந்தது. ஊரார் கூடிச் செய்துவந்த அவ்வேலையை ஆங்கிலேயர் 1858-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாக்கினர். அச்சட்டத்தின் பின்னும் அவ்வழக்கம் தளர்ந்ததேயன்றி வலுப்பெறவில்லை. தமிழக அரசு 2017-இல் அப்பெயராலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கி, பாசன உழவரும் ஒரு பங்கு ஏற்குமாறு வகுத்தது. பணம் ஒதுக்குதல் அரசால் இயலும். எக்கால் எக்கண்மாய்க்கு நீர் தருவது என்னும் அறிவு ஊராரிடத்தே இருத்தல் வேண்டும். அவ்வறிவை இளைஞர் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளாவிடின் பின்னர்க் கேட்பதற்கு ஆள் இரார் என அஞ்சுகின்றோம்.

ஆதலின் மலையடி முதல் மறுகால் வரை அக்கண்மாயின் படம் ஒன்று வரைந்து, உறுப்புகளின் பெயரெழுதி, அண்மையிலுள்ள பள்ளிச் சிறுவர்க்குக் கொடுத்தோம். மறுவாரம் அதனைத் திரும்பப் பெற்றபோது, நிகண்டுப் பயிற்சியின் செருக்கால் யாம் ‘தூம்பு’ என எழுதிய இடத்தை அடித்து, ‘மடை’ எனத் திருத்தியிருந்தனர்.