ஆமையின் மூளையும் காக்கையின் மூளையும்

சென்னை மாநகரின் தென்பால், அடையாறு கடலொடு கலக்கும் இடத்திற்குச் சற்றுத் தெற்கே அமைந்துள்ளது பெசன்ட் நகர். அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயரைத் தாங்கிய இப்பகுதியின் கரையை எலியட் கடற்கரை என்பர். வைகறைப் பொழுதில் அங்குச் சென்று நிற்பவருக்கு உயிர்நூலின் ஏடு ஒன்று விரித்து வைத்தாற் போலத் தோன்றும். ஊரூர்க் குப்பத்து மீனவர் படகினின்று வலையை இறக்கி மீன் பிரித்துக்கொண்டிருப்பர். மத்தியும் கெளுத்தியும் சிறு சுறாவும் ஒரே வலையிற் கிடக்கும். சிதறிய மீனைக் கவரக் காக்கைகள் வந்து சூழும். நாய்கள் மணலை மோந்து திரியும். மாசி, பங்குனித் திங்களாயின், இரவிற் கரையேறி முட்டையிட்டு மீண்ட கடலாமையின் தடம், ஏர் உழுத சால்போல் மணலில் நீண்டு கிடப்பதையும் காணலாம்.

மீன், ஆமை, காக்கை, நாய், அவற்றைப் பார்த்து நிற்கும் நாம் ஆகிய யாவரும் முதுகெலும்பு உடைய உயிர்களே. நம் எல்லோருடைய மண்டையோட்டினுள்ளும் மூளை உண்டு. அம்மூளை முன்மூளை, நடுமூளை, பின்மூளை என்னும் மூன்று பகுதிகளை உடையதாய் இருப்பதிலும் வேற்றுமை இல்லை. ஆயினும், ஆமை செய்வதைக் காக்கை செய்வதில்லை. காக்கை செய்வதை மீன் செய்வதில்லை. இதற்குக் காரணம் யாது?

வலையிற் கிடக்கும் மீன்களிலிருந்தே தொடங்குவோம். மத்தி பெருங்கூட்டமாய் நீந்துவது. பக்கத்து மீன் திரும்பும் கணத்தில் தானும் திரும்ப வேண்டும். அதற்குக் கண் முதன்மையானது. ஆகவே அதன் நடுமூளையிலுள்ள பார்வை மடல்கள் பருத்துக் காணப்படும். சுறா மணத்தைப் பற்றிக்கொண்டு இரை தேடுவது. அதன் மூளையின் முன்புறத்தில் மோப்பக் குமிழ்கள் பெரியவை. கெளுத்தியோ கலங்கிய நீரின் அடியில், கண்ணுக்கு வேலையில்லாத இடத்தில் வாழ்வது. அதன் மீசையிலும் தோலிலும் சுவையறியும் மொட்டுக்கள் நிறைந்துள்ளன. நாம் நாவினாற் சுவைப்பதை அது மீசையாற் சுவைக்கின்றது. அச்சுவைச் செய்திகளை ஏற்கும் பின்மூளை மடல்கள் அதனிடம் புடைத்து நிற்கின்றன. எந்தப் புலன் ஓர் உயிரின் பிழைப்புக்கு இன்றியமையாததோ, அந்தப் புலனுக்குரிய மூளைப்பகுதி அவ்வுயிரிடம் வளர்ந்திருக்கும் என்பது இதனாற் புலனாகும்.

மழைக்காலத்துத் தவளையையும் இங்கு நினைத்துக்கொள்ளலாம். தன் முன் அசையும் சிறு பொருளைக் கண்டவுடன் அது நாவை நீட்டிப் பற்றும். அசையாது கிடக்கும் ஈயை அது பொருட்படுத்துவதில்லை. 'அசைவது உணவு' என்னும் முடிவு அதன் கண்ணிலும் நடுமூளையிலுமே பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது.

இனி ஆமையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். இக்கரைக்கு வருவது பங்குனி ஆமை எனப்படும். தாய் ஆமை இரவில் மணலேறிப் பின் துடுப்புக் கால்களாற் குழி தோண்டி, ஏறக்குறைய நூறு முட்டைகளை இட்டு, மணலால் மூடி, உடலால் அழுத்திவிட்டுக் கடலுக்கு மீளும். கரையேறும்போது சிறு ஒளியைக் கண்டாலும் அஞ்சித் திரும்பிவிடும் அதே ஆமை, முட்டையிடத் தொடங்கிய பின் அருகில் ஆட்கள் நின்றாலும் பெரும்பாலும் அச்செயலை விட்டு எழுவதில்லை. அதன் பின் அம்முட்டைகளைத் திரும்பிப் பார்ப்பதும் இல்லை.

ஐம்பது நாள் அளவில் குஞ்சுகள் பொரிந்து, மணல் குளிர்ந்த இரவில் வெளிவருகின்றன. வழி காட்டத் தாய் இல்லை. கற்பிப்பார் எவரும் இல்லை. ஆயினும் அவை கடலை நோக்கியே விரைகின்றன. எவ்வாறு? இயற்கையான கரையில், கரைப்பக்கத்து மரஞ்செடிகளின் இருளைவிட, விண்மீன் ஒளி பட்ட கடற்பக்கத்து அடிவானமே வெளிச்சமானது. 'தாழ்ந்தும் வெளுத்தும் தோன்றும் திசையை நோக்கிச் செல்க' என்பது அக்குஞ்சின் மூளை பிறக்கும்போதே கொண்டுவந்த கட்டளை. கண் கண்ட செய்தியின் பெரும்பகுதி நடுமூளையிலுள்ள பார்வை மடலைச் சேர்கின்றது. துடுப்புகள் உடனே அசைகின்றன. கடலாமை இனம் பல கோடி ஆண்டுகளாக உலகில் வாழ்ந்து வருகின்றது. அக்காலம் முழுவதும் இக்கட்டளை பொய்த்ததில்லை.

பொய்த்தது நம் காலத்தில்தான். பெசன்ட் நகர்க் கரையில் இன்று கடலைவிட வெளிச்சமாய் இருப்பது தெரு. விளக்குக் கம்பங்களும் உணவு விடுதிகளும் ஒளி வீச, குஞ்சுகள் கடலுக்குப் புறங்காட்டித் தார்ச்சாலையை நோக்கி ஊர்கின்றன. அங்கே சக்கரங்களும் நாய்களும், விடிந்த பின் வெயிலும் காக்கைகளும் அவற்றை முடிக்கின்றன. இதனைக் கண்டு 'அறிவற்ற பிராணி' என்று சிலர் இரங்குவர். யான் அங்ஙனம் கூறமாட்டேன். பணி ஓய்வு பெற்ற பின் ஓர் இரவு இக்கரையில் உலாவியபோது, குஞ்சுகள் சில மணலில் ஊர்வதைக் கண்டு, நன்றாகப் பார்க்கும் ஆசையால் கைவிளக்கை ஏற்றினேன். அவ்வளவில் அவை அனைத்தும் அலையை விட்டு என் காலடியை நோக்கித் திரும்பின. அன்று அறிவின்றி நடந்தது எதுவென்று எனக்குத் தெரியும்.

இந்த இடர் நெடுங்காலமாகவே சிலருக்குப் புலப்பட்டிருந்தது. 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ரோமுலஸ் விட்டேக்கரும் அவர் தோழர்களும் இக்கடற்கரை வழியே இரவில் நடந்து ஆமை முட்டைகளைத் தேடிக் காக்கத் தொடங்கினர். 1988ஆம் ஆண்டில் மாணவர்கள் கூடிக் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பொன்றை நிறுவினர். அன்றுமுதல் முட்டையிடும் பருவத்தில் அவர்கள் இரவெல்லாம் நடந்து, முட்டைகளை எடுத்துவந்து, வேலியிட்ட காப்பகத்தில் புதைத்து, பொரிந்த குஞ்சுகளை அலையோரத்தில் விட்டு வருகின்றனர்.

காக்கையின் செய்தி வேறு. அது கட்டளைக்கு மட்டும் அடங்கி நடப்பதன்று. மீனவன் எப்பொழுது முகம் திருப்புவான் என்று பார்த்திருந்து மீனைக் கவ்வும். மிஞ்சியதை ஒளித்து வைத்துப் பின் நாடி வந்து எடுக்கும். பறவையின் மூளையை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் எடிங்கர் முதலானோர், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன், அதன் முன்மூளை பெரும்பாலும் இயல்பூக்கச் செயல்களுக்கே உரியது என்று கருதிப் பெயரிட்டனர். பாலூட்டிகளின் மூளையைப் போல அடுக்கடுக்கான மேலுறை அதற்கு இல்லாமையே காரணம். அப்பெயர்கள் தவறெனக் கண்டு, 2004ஆம் ஆண்டில் பன்னாட்டு அறிஞர் கூடி அவற்றை மாற்றினர். 2016ஆம் ஆண்டில் 28 பறவையினங்களின் மூளை நரம்பணுக்களை எண்ணியபோது, காக்கை இனத்திலும் கிளி இனத்திலும் அவை மிக நெருங்கிச் செறிந்திருப்பதும், முன்மூளையிலுள்ள அவற்றின் தொகை சில குரங்குகளுக்கு இணையாக இருப்பதும் தெரியவந்தன. சிறு சிமிழினுள் நுண்மணிகளை நிறைத்தாற் போன்றது காக்கையின் மூளை.

இத்துணை அறிவுடைய காக்கை குயிலிடம் ஏமாறுவதேன்? தன் கூட்டில் குயில் இட்ட முட்டையை அடைகாத்து, பொரிந்த குஞ்சுக்கு அது இரையூட்டுகின்றது. 'கூட்டினுள் வாய் திறப்பது என் குஞ்சு' என்னும் பழைய கட்டளை அதன் மூளையிலும் நீங்காமல் இருக்கின்றது போலும். காக்கையும் அவ்வொரு செயலில் ஆமைக்கு உறவே.

தமிழ்ப் பயின்றோர்க்குத் தொல்காப்பிய மரபியல் இங்கே நினைவுக்கு வரும். புல்லும் மரமும் ஓரறிவின; விலங்குகள் ஐயறிவின; மனம் என்னும் ஆறாவது அறிவுடையோர் மக்கள் என்பது அந்நூலின் பகுப்பு. ஒருசார் விலங்குகளுக்கும் ஆறாம் அறிவு உண்டெனக் கொண்டு, கிளி, குரங்கு, யானை ஆகியவற்றைக் காட்டினர் உரைகாரர். பறவைகளுள் கிளியை அவர் தேர்ந்தது எனக்கு வியப்பையே தருகின்றது.

யான் இளைஞனாக இருந்த காலத்தில், மூளையை மாடி வீட்டுக்கு ஒப்பிட்டுக் கூறுவது வழக்கம். அடித்தளம் பல்லிக்கும் பாம்புக்கும் உரியது, நடுத்தளம் விலங்குக்கு, மேல்தளம் மனிதனுக்கு என்பர். கேட்க இனிய உவமை, ஆனால் பிழையானது. மீனுக்கும் முன்மூளை உண்டு. புதிய தளம் எவருக்கும் கட்டப்படவில்லை. இருந்த அறைகளே ஒவ்வோர் இனத்திலும் வெவ்வேறு அளவில் விரிந்தன.

பருமன் ஒன்றே அறிவுக்கு அளவன்று. மனித மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். யானை மூளை அதனினும் மூன்று மடங்கு. ஆப்பிரிக்க யானையின் மூளையில் ஏறக்குறைய 25,700 கோடி நரம்பணுக்கள் உள்ளன. நமக்கோ 8,600 கோடியே. ஆயினும் யானையின் நரம்பணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேல் சிறுமூளையிலேயே அடங்கும். துதிக்கையின் நுட்பமான இயக்கம் அதற்கு ஒரு காரணமாகலாம் என்பர். பெருமூளை மேலுறையில் யானைக்கு 560 கோடி, மனிதனுக்கு 1,600 கோடி.

அம்மேலுறை கருவில் எங்ஙனம் உருவாகின்றது என்பதைக் காணும் முயற்சி, பெசன்ட் நகருக்கு அணித்தேயுள்ள சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையத்தில் நடைபெறுகின்றது. கருவிலுள்ள மனித மூளையின் 5,132 மெல்லிய வெட்டுகளைப் படமாக்கித் 'தரணி' என்னும் பெயரால் 2024ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர்.

மீண்டும் கரைக்கு வருவோம். காப்பகத்துக் குஞ்சுகளை மாணவர் அலைக்கு நேரே எடுத்துச் சென்று வைப்பதில்லை. சில அடி தொலைவில் மணலில் விட்டு, அவை தாமே ஊர்ந்து செல்லப் பார்த்திருப்பர். கடற்பக்கத்தில் ஒருவர் சிறு விளக்கேந்தி நிற்பதும் உண்டு. எந்த ஒளி குஞ்சுகளை மயக்கியதோ, அதுவே அங்கு வழிகாட்டியாகின்றது. அலை வந்து குஞ்சைத் தூக்கியவுடன் அது ஒளியை மறந்துவிடும். அலை எத்திசையிலிருந்து வருகின்றதோ அத்திசையை எதிர்த்து நீந்தும். கரை கண்ணுக்கு மறைந்த பின், நம் புலன்களுக்கு எட்டாத நிலவுலகின் காந்தப் புலத்தை உணர்ந்து ஆழ்கடலில் வழி காணும். விளக்கை அணைத்துவிட்டு மாணவர்கள் அடுத்த குழியை நோக்கி நடப்பார்கள்.