கரியமிலவாயுக் கணக்கைப் படிக்கும் முறை

மும்பையில் தமிழர் பலர் வாழும் ஆண்டாப் ஹில் பகுதிக்குக் கிழக்கே, கழிநிலத்திற்கு அப்பால், மாகுல் என்னும் ஊர் உள்ளது. அங்கு இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. அந்நியக் கம்பெனிகளால் 1954, 1955ஆம் ஆண்டுகளில் தொடங்கப்பெற்ற இவை, 1970களில் அரசுடைமையாயின. இப்பொழுது இவை இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் ஆகிய நிறுவனங்களைச் சேர்ந்தவை.

மாகுல் பகுதியின் காற்று மாசு குறித்து மக்கள் முறையிட்டதன்பேரில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020இல் இவ்விரு நிறுவனங்களும் வேறு சிலவும் இழப்பீடு செலுத்த ஆணையிட்டது. அம்மாசினை மக்கள் மூக்கினாலேயே அறிந்தனர். ஆனால் புவியின் வெப்பத்தை உயர்த்தும் கரியமிலவாயுவிற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அதனை அறியக் கம்பெனி தரும் கணக்கே வழி. ஆகவே அக்கணக்கைப் படிக்கக் கற்பது இன்றியமையாதது.

விடையளிக்கும் கடமை

நெடுங்காலம் இத்தகைய வினாக்களுக்கு விடையளிப்பது கம்பெனிகளின் விருப்பமாகவே இருந்தது. இந்தியப் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் ‘செபி’ வாரியம் 2021இல் புதியதோர் அறிக்கை முறையை வகுத்தது. 2022–23 முதல், சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள கம்பெனிகள் ஆண்டுதோறும் இவ்வறிக்கையை வெளியிடுதல் கட்டாயமாயிற்று.

மூன்று வட்டங்கள்

வாயு வெளியேற்றம் மூன்று வட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஆலையின் உலைகளிலும் கொதிகலன்களிலும் எழுவது முதல் வட்டம். விலைக்கு வாங்கும் மின்சாரத்தை உற்பத்தி செய்யும் இடத்தில் எழுவது இரண்டாம் வட்டம். பொருளை வாங்கியவர் பயன்படுத்தும்போது எழுவது முதலியன மூன்றாம் வட்டம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோகிராமும், டீசல் எரிந்தால் 2.7 கிலோகிராமும் கரியமிலவாயு உண்டாகும். எரிபொருளின் கரி, காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் எடை மிகுகிறது. எனவே எண்ணெய்க் கம்பெனியின் கணக்கில் மூன்றாம் வட்டமே மிகப் பெரியது. மேற்கூறிய இரு நிறுவனங்களும் 2040ஆம் ஆண்டிற்குள் நிகர வெளியேற்றத்தைச் சுழியாக்குவதாக அறிவித்துள்ளன. அவ்வறிவிப்பு முதலிரு வட்டங்களையே குறிப்பது. செபியின் 2021ஆம் ஆண்டு முறையிலும் மூன்றாம் வட்டத்தைத் தெரிவிப்பது கட்டாயமாக்கப்படவில்லை. சொன்னது பொய்யன்று, ஆயினும் சொல்லாதது பெரிது.

விகிதமும் மொத்தமும்

‘ஒரு டன் உற்பத்திக்கு வெளியேற்றம் 10 விழுக்காடு குறைந்தது’ என ஓர் ஆலை கூறுவதாகக் கொள்வோம். அதே காலத்தில் உற்பத்தி 20 விழுக்காடு உயர்ந்திருப்பின், 1.2 × 0.9 = 1.08, அதாவது மொத்த வெளியேற்றம் 8 விழுக்காடு கூடியுள்ளது. வளிமண்டலம் மொத்தத்தையே ஏற்கிறது, விகிதத்தை அன்று.

பயிற்சி

ஆசிரியர்களும் களப்பணியாளரும் ஒரு கம்பெனியின் அறிக்கையை எடுத்துப் பின்வரும் வினாக்களுக்கு விடை காணச் செய்யலாம்:

1. எந்தெந்த வட்டங்கள் கணக்கிடப்பட்டுள்ளன?
2. தரப்பட்டது மொத்தமா, விகிதமா?
3. குறைப்பு எந்த ஆண்டோடு ஒப்பிடப்பட்டது?
4. கணக்கைச் சரிபார்த்தவர் வெளியாரா?
5. கேட்ட வினாவிற்கே விடை உள்ளதா, அன்றி மரம் நட்ட செய்தி மட்டும் உள்ளதா?