தண்டுவடக் காயம்: அறுவைச் சிகிச்சையும் மறுவாழ்வும்

சாலை விபத்துகள் பற்றிய புள்ளிவிவரங்களில் உயிரிழந்தோர் எண்ணிக்கையே முதலில் கண்ணில் படுகிறது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் மாண்டனர். அதே ஆண்டில் 4,43,366 பேர் காயமுற்றனர் என்னும் எண் அவ்வளவாகக் கவனம் பெறுவதில்லை. காயமுற்றோருள் ஒரு பகுதியினர் முதுகெலும்பு முறிந்து, கைகால் செயலிழந்து, அந்நிலையிலேயே பல ஆண்டுகள் வாழ வேண்டியவர்கள். உழைத்துக் குடும்பத்தைக் காக்கும் வயதினரே இத்தகைய காயத்திற்குப் பெரிதும் ஆளாகின்றனர். எனவே தண்டுவடக் காயம் மருத்துவத் துறைக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. பொருளாதாரமும் சமூகநலமும் பயில்வோர் ஆராய வேண்டிய பிரச்சினையுமாகும்.

இதனை ஆராய ஏற்ற நகரம் பெங்களூரு. வாகன நெருக்கத்திற்குப் பெயர்பெற்ற இந்நகரில்தான், நரம்பு மண்டலக் காயங்களுக்குச் சிகிச்சை தரும் நிமான்ஸ் நிறுவனம் உள்ளது. 1974-இல் உருவான இந்நிறுவனத்தில் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையும், நரம்பியல் மறுவாழ்வுத் துறையும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. இவ்விரண்டும் அருகருகே இருப்பதன் பொருள் என்ன என்பதை விளங்கிக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காயத்தின் தன்மை

முதுகெலும்பு 33 முள்ளெலும்புகளால் ஆனது. அவற்றின் நடுவே அமைந்த குழாய் போன்ற பாதையில் மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் பாதுகாப்பாக இருக்கிறது. எலும்பு முறிவு வேறு, தண்டுவடக் காயம் வேறு. எலும்பு முறிந்தும் தண்டுவடம் தப்பியிருக்கலாம். அத்தகையவரைக் கவனமின்றித் தூக்கி, மடக்கி, வண்டியில் ஏற்றும்போது தண்டுவடம் சேதமுறக்கூடும். ஆதலால் தலை, கழுத்து, உடல் ஆகியவற்றை ஒரே நேர்கோட்டில் தாங்கிப் பலகையில் கிடத்துவது முதல் உதவியின் அடிப்படை விதியாகும்.

கழுத்துப் பகுதியில் காயம் ஏற்பட்டால் கை, கால் நான்கும் பாதிக்கப்படலாம். மார்பு, இடுப்புப் பகுதிகளில் ஏற்பட்டால் கால்கள் பாதிக்கப்படும். காயத்திற்குக் கீழே உணர்ச்சியும் இயக்கமும் அறவே இல்லாதது முழுமையான காயம். சிறிதேனும் எஞ்சியிருப்பது பகுதிக் காயம். பகுதிக் காயத்தில் மீட்சிக்கான வாய்ப்பு மிகுதி. விபத்து நடந்த முதல் சில நாட்களில் தண்டுவடம் அதிர்ச்சியுற்றுச் செயலற்றிருப்பதும் உண்டு. எனவே முதல் நாளிலேயே இறுதி முடிவு கூறிவிட இயலாது.

சிகிச்சை முறைகள்

சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டு மருத்துவர்கள் இரு வினாக்களுக்கு விடை காண்கின்றனர். முதுகெலும்பு நிலையாக உள்ளதா? தண்டுவடம் நசுங்கியுள்ளதா? எலும்பு நிலையாக இருந்து, நரம்புப் பாதிப்பும் இல்லையெனில், அறுவையின்றி ஓய்வு, வலி நீக்கும் மருந்து, முதுகுக் கவசம் ஆகியவையே பெரும்பாலும் போதுமானவை. எலும்பு நிலைகுலைந்திருந்தாலோ தண்டுவடம் நசுங்கியிருந்தாலோ அறுவைச் சிகிச்சை தேவைப்படும்.

அறுவையின் நோக்கங்கள் இரண்டு. எலும்புத் துண்டையோ பிதுங்கிய இடைத்தட்டையோ அகற்றித் தண்டுவடத்தின் மீதுள்ள அழுத்தத்தை நீக்குவது ஒன்று. திருகாணிகளும் கம்பிகளும் பொருத்தி முள்ளெலும்புகளை அசையாமல் நிறுத்துவது மற்றொன்று. காலத்தாழ்வின் விளைவு பற்றி வட அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்த ஆய்வொன்று 2012-இல் வெளியாயிற்று. கழுத்துத் தண்டுவடக் காயமுற்றோரில், 24 மணி நேரத்திற்குள் அறுவை செய்யப்பட்டவர்களுள் ஏறத்தாழ 20 விழுக்காட்டினர் ஆறு மாதங்களில் கணிசமான முன்னேற்றம் கண்டனர். பின்னர் அறுவை செய்யப்பட்டவர்களிடம் இது 9 விழுக்காடாக இருந்தது.

இங்கே ஓர் உண்மையைத் தெளிவாகக் கூற வேண்டும். அறுந்த தண்டுவடத்தை மீண்டும் இணைக்கும் அறுவை இன்றளவும் இல்லை. அறுவை மேலும் கேடு வராமல் தடுக்கிறது. இயற்கையான மீட்சிக்கு வழிவிடுகிறது. நோயாளியை விரைவில் எழுப்பி உட்கார வைக்க உதவுகிறது. அதற்கு மேற்பட்டவை யாவும் மறுவாழ்வுச் சிகிச்சையின் பணியாகும்.

மறுவாழ்வின் பணி

நரம்பு மீட்சியின் பெரும்பகுதி முதல் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் நிகழ்கிறது. இக்காலத்தில் பயிற்சி தடைபட்டால் மூட்டுகள் இறுகிவிடும். உணர்ச்சியற்ற தோலில் படுக்கைப் புண் தோன்றாதிருக்க இரண்டு மணிக்கு ஒரு முறை உடலைத் திருப்பிவிட வேண்டும். சிறுநீரை முறையாக வெளியேற்றாவிடில் தொற்று ஏற்பட்டுச் சிறுநீரகம் கெடும். நாளில் பல முறை தூய்மையான குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றும் பழக்கத்தை நோயாளியே கற்றுக்கொள்ள முடியும். புண்ணும் சிறுநீர்த் தொற்றும் உயிரைப் பறிக்க வல்லவை. ஆயினும் இவற்றைத் தடுக்க விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. பயிற்சியும் தொடர் கண்காணிப்புமே தேவை.

வேலூரில் இதற்குச் சிறந்த சான்று உண்டு. 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் சேதமுற்று, இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ். டாக்டர் பால் பிராண்டின் ஊக்கத்தால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அத்துறையைத் தலைமையேற்று நடத்தினார். அங்கு 1966-இல் மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பெங்களூருவுடன் தொடர்புடைய சான்றும் ஒன்றுண்டு. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காக இந்நகருக்கு வந்த பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், உடற்திறன் தேர்வின்போது விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் காயமுற்றார். கைகால்கள் செயலிழந்த அவர், 1981-இல் தம் சொந்த ஊரான ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். அதற்குத் தம் சிகிச்சையில் துணைநின்ற மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே சூட்டினார். இவ்விருவரும் மீண்டும் நடக்கவில்லை. ஆயினும் பல்லாயிரவருக்குப் பயன்படும் நிறுவனங்களை வளர்த்தனர்.

செலவும் சட்டமும்

அறுவையின் செலவு ஒரு முறை ஏற்படுவது. அதற்காகக் கடன் வாங்கும் குடும்பத்திடம், பயிற்சிக்கும் சக்கர நாற்காலிக்கும் வேண்டிய பணம் பெரும்பாலும் எஞ்சுவதில்லை. நோயாளியின் வருமானம் நிற்பதோடு, அவரைக் கவனிக்க வீட்டிலிருந்துவிடும் தாய் அல்லது மனைவியின் வருமானமும் நின்றுவிடுகிறது.

அரசின் உதவி படிப்படியாக விரிந்துள்ளது. 2016-இல் கர்நாடக அரசு, விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 25,000 ரூபாய் வரை வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டம், விபத்து நாளிலிருந்து ஏழு நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரம்புக்குள் ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு வழிசெய்கிறது. உயிரைக் காப்பதில் இவை பெரும் முன்னேற்றம். ஆனால் தண்டுவடக் காயத்தில் ஏழாம் நாள் என்பது, பெரும்பாலும் மறுவாழ்வுப் பயிற்சி தொடங்கும் காலமேயாகும்.

இழப்பீட்டிலும் தெளிவு தேவை. மருத்துவச் சான்றிதழில் காணும் ஊன விழுக்காடும் வருமான இழப்பின் விழுக்காடும் ஒன்றல்ல என்று ராஜ்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கால்கள் செயலிழந்த லாரி ஓட்டுநர் தொழிலையே இழக்கிறார். கணக்கரோ தம் பணியைத் தொடரக்கூடும். அலுவலர்கள் நினைவிற் கொள்ள வேண்டியது, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 20-ஆம் பிரிவு. பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய பணி இயலாதெனில் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தரவேண்டும். அதுவும் இல்லையெனில், தகுந்த இடம் கிடைக்கும் வரை அல்லது ஓய்வு வயது வரை கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும்.

முடிவுரை

48 மணி நேரம் ஏழு நாட்களாக விரிந்தது. அடுத்த படி, முதல் ஓராண்டு மறுவாழ்வுப் பயிற்சியையும் அதில் சேர்ப்பதாகும். மாவட்ட மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற பணியாளரும், வீடு திரும்பியவர்களைக் கண்காணிக்கும் ஏற்பாடும் அமைந்தால், அறுவைக்குச் செலவிட்ட பணமும் வீணாகாது. நிமான்ஸ் வளாகத்தில் அருகருகே உள்ள இரு துறைகளும், நாட்டின் திட்டங்களிலும் அவ்வாறே இணைந்து இடம்பெற வேண்டும்.